பிரசவ வலி முதுகில் வந்தால்

தமிழில் பிரசவ வலிக்கே 'இடுப்பு வலி' என்றுதான் பெயர். அதனால் வந்த வினையை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவத்தில் "இடுப்பு வலிக்குது, பின்னால பிளக்குது" என்று நான் அழுதபோது சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்களே தவிர, ஒருவரும் என் முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார் அத்தை. எல்லாருக்கும் அப்படி இல்லை. பலருக்கு வயிறு இறுகி, வலி உச்சிக்குப் போய், விட்டுவிடும். அடுத்தது வருவதற்குள் ஒரு வாய் மைலோ குடிக்க நேரம் இருக்கும். எனக்கு வயிறு தளர்ந்த பிறகும் முதுகின் அடியில் வலி விடவில்லை. கதவிடுக்கில் விரல் மாட்டியதும் யாரோ கதவை இன்னும் அழுத்துவது மாதிரி இருந்தது.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். இப்போது அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை. எனக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் முதுகு வலியோடுதான் பிறந்தார்கள். முதல் முறை இரவு முழுவதும் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். இரண்டாம் முறை அழவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. ரவிக்கை அளவு கொடுக்க வரும் நிறைமாதப் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மிஸ்ஸியும் (நர்ஸ்) இல்லை, டாக்டரும் இல்லை. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் பிங்க் புத்தகத்தில், கூடுதல் கவனம் வேண்டும் என்று சிவப்போ மஞ்சளோ ஒட்டியிருந்தால், அங்கே சொல்வதுதான் முதலில். நான் சொல்வது அதற்கு அப்புறம்.

ஏன் முதுகில் வருகிறது

பெரும்பாலும் பிள்ளை தலைகீழாக, தாயின் முதுகெலும்பைப் பார்த்தபடி இறங்கும். சில பிள்ளைகள் எதிர்ப்பக்கம் திரும்பி, தாயின் வயிற்றைப் பார்த்தபடி இருக்கும். அப்போது பிள்ளையின் பிடரி தாயின் முதுகுப் பக்கம் வந்து, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ள தட்டையான முக்கோண எலும்பில் உட்காரும். ஒவ்வொரு வலிக்கும் கர்ப்பப்பை பிள்ளையைக் கீழே தள்ள, எலும்பும் எலும்பும் மோதும்.

வலி தொடங்கும் நேரத்தில் 100 பிள்ளைகளில் 15 முதல் 30 வரை இப்படித்தான் இருக்கும். ஆனால் இறங்கி வரும்போதே பெரும்பாலானவை தாமாகத் திரும்பிவிடும். பிறக்கும் நேரம் வரை அப்படியே இருப்பவை 5 முதல் 8 வரைதான். திரும்புவதற்கு நேரம் எடுப்பதால் பிரசவம் இழுக்கலாம், வலி ஒழுங்கில்லாமல் வரலாம், கர்ப்பவாய் முழுதாகத் திறப்பதற்கு முன்பே முக்க வேண்டும் போல இருக்கலாம். பிள்ளை சரியாக இருந்தும் முதுகில் வலி வருபவர்கள் உண்டு. ஆகவே முதுகு வலிக்கிறது என்றதும் பிள்ளை தப்பாகத் திரும்பிவிட்டது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மிஸ்ஸி கை வைத்துப் பார்க்கட்டும்.

கடைசி மாதத்தில் மண்டியிட்டுத் தரை துடைத்தால் பிள்ளை திரும்பிவிடும் என்று எங்கள் லயத்துப் பாட்டிகள் சொல்வார்கள். 2004-இல் ஆஸ்திரேலியாவில் 2,500-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். 37 வாரத்திலிருந்து தினமும் கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பை ஆட்டியும், பிறக்கும்போது பிள்ளை இருந்த விதத்தில் வித்தியாசம் இல்லை. சரி, அதற்காகத் துடைக்காமல் விட வேண்டியதில்லை. அந்த நிலையில் முதுகுக்குச் சுகம் கிடைக்கும், அது போதும். ஆனால் "நீ ஒழுங்காத் தரை துடைக்கல, அதான்" என்று யாராவது உங்களைக் குறை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வலிதானா, வெறும் முதுகுப் பிடிப்பா

எனக்கு முதல் முறை ஐந்து மணி நேரம் இதிலேயே வீணாகப் போனது. அன்று பகல் முழுக்கக் குனிந்து துணி வெட்டியிருந்தேன், அதனால்தான் பிடித்துக்கொண்டது என்று கோடாலித் தைலம் தேய்த்துப் படுத்துவிட்டேன். அம்மா சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியானால் அடங்கும், மெய் வலியானால் ஏறும் என்பது கணக்கு. கஷாயம் தப்பில்லை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. முதுகு வலிக்கும்போது உள்ளங்கையை வயிற்றின் மேல் வையுங்கள். வயிறு கல் மாதிரி இறுகி, முதுகு வலி தணியும்போது அதுவும் தளர்ந்தால், அது பிரசவ வலி. கடிகாரத்தைப் பார்த்து இடைவெளியை எழுதி வையுங்கள். 37 வாரம் ஆவதற்கு முன்பே முதுகு வலி இப்படி விட்டு விட்டு வந்தால் கஷாயமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அழுத்தும் கை

இதுதான் முக்கியம். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. முதுகில் வரும் பிரசவ வலிக்கு மருந்தில்லாத வைத்தியங்களில், நான் பட்டுப் பார்த்தவரை, அழுத்துவதைப் போல வேறு எதுவும் உதவவில்லை. அழுத்துவது வேறு, தேய்ப்பது வேறு. தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் எரிச்சல்தான் வரும்.

எங்கே அழுத்துவது? பாவாடை நாடா கட்டும் இடத்திலிருந்து நாலு விரல் கீழே இறங்குங்கள். பிட்டப் பிளவு தொடங்குவதற்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டையான எலும்பு கையில் தட்டுப்படும். அங்கேதான். அதற்கு மேலே, இடுப்பு வளைவில் முதுகெலும்பின் மீது அழுத்தக் கூடாது.

எப்படி? என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர், கையில் பலம் அதிகம். இரண்டாம் பிள்ளைக்கு எட்டாம் மாதத்திலேயே அவரை உட்கார வைத்துப் பழக்கினேன். முதல் நாள் தோசை மாவைத் தொடுவது மாதிரி தொட்டார். "ஏங்க, டயர்ல காத்து இருக்கான்னு பார்க்கிறீங்களே, அப்படி அழுத்துங்க" என்ற பிறகுதான் பிடிபட்டது. விரல் நுனியால் அழுத்தக் கூடாது, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்த வேண்டும். முழங்கையை மடக்காமல், கையை நேராக வைத்து, உடம்பின் பாரத்தைச் சாய்க்க வேண்டும். இன்னொரு கையை அவளுடைய இடுப்பெலும்பின் முன்பக்கம் பிடித்துக்கொண்டால் அவள் முன்னால் சரிய மாட்டாள். வலி தொடங்கியதும் அழுத்தத் தொடங்கி, முடியும் வரை ஒரே சீராக அழுத்தி, மெல்ல விட வேண்டும். நடுவில் கையை எடுக்கவே கூடாது; அந்த ஒரு நொடியில் வலி திரும்ப ஏறுவது இருக்கிறதே, அதை எழுத்தில் சொல்ல முடியாது.

எந்த இடம், எவ்வளவு பலம் என்பதை வலிப்பவள்தான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வாக்கியம் பேச வராது. அதனால் மூன்றே சொல் வைத்துக்கொண்டோம்: 'மேலே', 'கீழே', 'இன்னும்'. பிள்ளை இறங்க இறங்க வலியின் இடமும் இறங்கும், அதோடு கையும் இறங்க வேண்டும்.

இன்னொரு முறை, இடுப்பை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்குவது. அவள் மண்டியிட்டு முன்னால் சாய்ந்திருக்க, பின்னால் இருப்பவர் இரண்டு உள்ளங்கைகளையும் பிட்டத்தின் இரு பக்கச் சதைப் பகுதியில் வைத்து, உள்நோக்கியும் கொஞ்சம் மேல்நோக்கியும் நெருக்க வேண்டும், தலையணை உறைக்குள் பஞ்சை அமுக்கித் திணிப்போமே, அப்படி. இதற்கு ஆள் சீக்கிரம் களைத்துவிடுவார். முடிந்தால் இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்யலாம். வலிப்பவளுக்கு வலிக்குமோ என்று பயந்து அழுத்தாமல் விடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. அவள் வேண்டாம் என்றால் உடனே விட்டுவிடுங்கள், அதுவரை அழுத்துங்கள். மறுநாள் என் வீட்டுக்காரரின் மணிக்கட்டு வீங்கி, இரண்டு நாள் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் அவருக்கும் சேர்த்துத் தைலம் கொண்டுவந்தார்கள்.

கை இல்லாத நேரம்

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பல மருத்துவமனைகளில் கணவரைப் பிரசவ அறைக்குள்தான் விடுவார்கள். கர்ப்பவாய் நாலு சென்டிமீட்டர் வரை திறப்பதற்கு முன்னால் நீங்கள் வார்டில் இருப்பீர்கள். அவர் வெளியே நாற்காலியில் தூங்குவார். விதி இடத்துக்கு இடம் மாறும், அதனால் கிளினிக்கில் புத்தகம் காட்டப் போகும்போதே கேட்டு வையுங்கள். முதல் முறை நான் கேட்கவில்லை. வார்டில் தனியாகக் கிடந்த அந்த ஏழு மணி நேரம்தான் எனக்கு மிக மோசம். மிஸ்ஸி ஒருவர் வந்து பார்த்து "பெலும் லாகி, காக், தாஹான் சிக்கிட்" என்பார், இன்னும் ஆகவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று. அவருக்கும் பத்துப் பதினைந்து கட்டில்.

தனியாக இருக்கும்போது உங்கள் கை சுவர்தான். டென்னிஸ் பந்து இரண்டைப் பள்ளிக்கூடக் காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, அந்தத் தட்டை எலும்புக்கும் சுவருக்கும் நடுவில் பந்துகளை வைத்து, முழங்காலை லேசாக மடக்கிப் பின்னால் அழுத்துங்கள். பந்துகள் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இருக்கும், நடுவில் குத்தாது. நழுவி விழாமல் இருக்கத்தான் காலுறை. அதன் மறுமுனையைத் தோள் வழியாகக் கையில் பிடித்துக்கொள்ளலாம், நீளக் காலுறை என்றால். பந்து இல்லையா, உங்கள் முஷ்டியையே வையுங்கள்.

வலியை எண்ணியும் கடக்கலாம். மூச்சை எண்ணச் சொல்வார்கள், எனக்கு அது வரவில்லை. எனக்குத் தையல்தான் எண்ணத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ரவிக்கைக்கு ஊக்கு தைப்பேன், ஒரு ஊக்குக்கு எட்டுக் குத்து. வலி ஏறும்போது முதல் ஊக்கு, உச்சியில் மூன்றாவது, ஐந்தாவது தைத்து நூலை அறுக்கும்போது இறங்கிவிடும். ஒரு நிமிடம் என்றால் தாங்க முடியாது போல இருக்கிறது; ஐந்து ஊக்கு என்றால் முடிகிறது. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்களோ அதை எண்ணுங்கள். சத்தம் போட வேண்டும் என்றால் வாயைத் தளர்த்தி, அடித்தொண்டையில் முனகுங்கள். பல்லைக் கடித்தால் இடுப்பும் சேர்ந்து இறுகும்.

மல்லாந்து படுக்காதீர்கள்

மல்லாந்தால் பிள்ளையின் பாரம் முழுவதும் அந்த எலும்பின் மேல்தான் இறங்கும். முன்னால் சாய்ந்தால் பாரம் வயிற்றுப் பக்கம் தொங்கி எலும்பு கொஞ்சம் மூச்சு விடும், பிள்ளைக்கும் திரும்ப இடம் கிடைக்கும். பழைய காலத்தில் அம்மி அரைக்க மண்டியிட்டு முன்னும் பின்னும் ஆடுவார்களே, அந்த உடம்பு நிலை இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. கட்டில் ஓரத்தில் தலையணையை வைத்து அதன் மேல் கவிழ்ந்து நில்லுங்கள். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து சாய்மானத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். கையையும் முழங்காலையும் ஊன்றிப் பூனை மாதிரி முதுகைத் தூக்கி இறக்குங்கள். முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டு வேண்டும், சிமெண்ட் தரை தோலை உரித்துவிடும். பெரிய உடற்பயிற்சிப் பந்து இருந்தால் அதில் உட்கார்ந்து இடுப்பைச் சுழற்றலாம், அதன் மேல் கவிழ்ந்தும் கிடக்கலாம். உட்காரும்போது முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். களைத்துப் போனால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள்.

பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்க சிடிஜி பெல்ட் கட்டும்போது மல்லாந்து படுக்கச் சொல்வது வழக்கம். முதல் முறை நான் வாய் திறக்காமல் படுத்தேன், கழற்றிய பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இரண்டாம் முறை "மிஸ்ஸி, போலே டூடோக்?" என்று கேட்டேன், உட்காரலாமா என்று. "போலே" என்றார், அவ்வளவுதான். கேட்டால்தான் கிடைக்கும். துடிப்பு சரியில்லை என்று அவர்கள் ஒரு பக்கம் படுக்கச் சொன்னால் மட்டும் மறுபேச்சு வேண்டாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள், வராவிட்டாலும் போய் உட்காருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை பிள்ளை இறங்கும் வழியை அடைக்கும்.

சூடும் குளிரும்

சிலருக்குச் சூடு, சிலருக்குக் குளிர். வலி வந்த பிறகுதான் தெரியும், அதனால் இரண்டையும் தயார் செய்யுங்கள். பச்சரிசியைப் பருத்தித் துணிப்பையில் தைத்து, தவாவில் புரட்டிச் சூடாக்கி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகு முதுகில் வையுங்கள். வெந்நீரில் குளிக்கலாம்; நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து முதுகின் அடியில் தண்ணீர் விழும்படி. குளிருக்கு, 500 மில்லி மினரல் வாட்டர் பாட்டிலை உறைய வைத்துத் துண்டில் சுற்றி உருட்டச் சொல்லுங்கள். உருட்டும்போது அழுத்தமும் கிடைக்கும். எனக்குப் பாட்டில்தான் பிடித்தது.

தைலம் தேய்த்த தோலின் மேல் சூடு வைக்கவே கூடாது, கொப்பளித்துவிடும். பக்கத்து வீட்டு மக்சிக், மலாய் அம்மா, சூடாக்கி வயிற்றில் ஒத்தும் துங்கு கல்லை அன்போடு கொடுத்தார். அது பிள்ளை பெற்ற பிறகு வைப்பது, சூடும் அதிகம். எப்பிடூரல் (முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி) போட்ட பிறகு சூடு வேண்டாம், உடம்பு மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது.

அதே அன்போடுதான் ரும்புட் ஃபாத்திமா என்ற மூலிகை ஊறவைத்த தண்ணீரும் வரும், பிள்ளை சீக்கிரம் பிறக்கும் என்று. வாங்கி வைத்துவிட்டு நன்றி சொல்லுங்கள், குடிக்காதீர்கள். அது கர்ப்பப்பையை அளவுக்கு மீறி இறுக்கலாம், பிள்ளைக்கு மூச்சு முட்டலாம். விளக்கெண்ணெயும் அப்படித்தான், வயிற்றுப்போக்கோடு பிரசவம் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது.

மருந்து கேட்பது

மருந்து கேட்டால் மானம் போகாது. முதுகு வலி நீளமாகப் போகும் வலி, பலம் மிச்சம் இருக்க வேண்டும். வாயு இருக்கிறது, எண்டோனாக்ஸ். பாதி ஆக்ஸிஜன், பாதி நைட்ரஸ் ஆக்ஸைடு. முகமூடியை நீங்களே பிடிக்க வேண்டும். வேலை செய்ய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், வலி உச்சிக்குப் போன பிறகு இழுத்தால் பயனில்லை, தொடங்கும்போதே இழுங்கள். தலை சுற்றும், குமட்டும், எடுத்துவிட்டால் சீக்கிரம் தெளியும். பெத்திடின் ஊசி தூக்கக் கலக்கம் தரும். பிறக்கும் நேரம் நெருங்கியபின் போட்டால் பிள்ளை மூச்சுவிட மந்தமாகலாம், அதனால்தான் சில சமயம் மறுப்பார்கள். மூன்றிலும் வலியை நன்றாக அடக்குவது எப்பிடூரல். ஆனால் அதற்கு மயக்க மருந்து டாக்டர் வேண்டும், எல்லா ஊர் மருத்துவமனையிலும் கிடைக்காது. அதுதான் வேண்டும் என்று மனதில் இருந்தால், எங்கே கிடைக்கும் என்று ஏழாம் மாதத்திலேயே கிளினிக்கில் கேளுங்கள். எங்கள் ஊரிலிருந்து ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர்தான், இருந்தாலும் வலியோடு காரில் உட்கார்ந்தால் அது பினாங்கு தூரம்.

கடைசி வரை பிள்ளை திரும்பாவிட்டால் டாக்டர் கையால் திருப்பிப் பார்ப்பார், தலையில் வாக்குவம் கிண்ணம் வைத்து இழுக்கலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். திரும்பாமலே பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. என் மூத்தவள் கூரையைப் பார்த்தபடிதான் வந்தாள்.

எப்போது கிளம்புவது

தோட்டத்துக்கு உள்ளே இருப்பவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். மழை பெய்தால் செம்மண் சாலையில் கார் இறங்காது. ராத்திரியில் வண்டி யார் வீட்டில் இருக்கிறது என்று தேடக் கூடாது, முன்கூட்டியே இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீராக வந்தால் கிளம்பலாம். தூரம் என்றால், இரண்டாவது பிள்ளை என்றால், அதற்கும் முன்பே. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், ரத்தம் போனாலும், வயிறு தளராமல் இறுகியே வலித்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கண் மங்கித் தலை இடித்தாலும், முன்பு அறுவை சிகிச்சை செய்த தழும்பில் வலித்தாலும் காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் 999. பிள்ளையின் அசைவு 12 மணி நேரத்தில் 10-க்குக் குறைந்தாலும் போக வேண்டும். முதுகு வலியில் அசைவை எண்ண மறந்துவிடும், கூட இருப்பவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

பிறந்த பிறகு அந்த எலும்பு சில நாள் அடிபட்ட மாதிரி நோகும். உட்கார மெத்தையும், ஒருக்களித்துப் பால் கொடுப்பதும் போதும். பத்தியக் குளியலில் யாராவது முதுகை ஓங்கித் தட்டி உருவ வந்தால், இடுப்புக்குக் கீழே தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பையில் வைக்க: பிங்க் புத்தகம், அடையாள அட்டை, காலுறைப் பந்து, அரிசிப் பை, இரண்டு கைலி, உறைந்த பாட்டில் (கிளம்பும்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க, கதவில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்). பந்தைக் கேட்டு இந்த வருடம் கடைக்கு மூன்று பேர் வந்துவிட்டார்கள். என் பந்துகளைச் சின்னவன் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு கூரை மேல் அடித்துவிட்டான், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.